மூன்றாம் களத்தின் பதினொரு கூடுகள்

சபர்காலி யாரையும் நம்பமாட்டார். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அவருடைய வேலை அப்படி. கசாக் புல்வெளியிலுள்ள கெங்ஜால் ராணுவச் சுடுதளத்தில் இருபத்தேழு வருடம் டிராக்டர் ஓட்டினார். கோடையில் குண்டு விழுந்து புல் பற்றிக்கொண்டால் தீ தாண்டாமலிருக்க, நிலத்தைக் கீறி மண்பட்டை போட்டு வைப்பது முதல் வேலை. வெடித்த குண்டுகளின் இரும்பைப் பொறுக்க உள்ளே நுழைகிறவர்களைப் பார்த்தால் எழுதிக் கொடுப்பது இரண்டாவது வேலை. மூன்றாவது, பறவைகள். அதை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவராக எடுத்துக்கொண்டார். பல வருடம் கழித்து அது உத்தரவாகவும் வந்தது.

சுடுதள அலுவலகத்தில் காகிதங்களைக் கசாக்கிலும் ரஷ்யனிலும் எழுதித் தருவது என் வேலை. சபர்காலி கசாக்கில் சொல்லுவார், நான் இரண்டு மொழியிலும் எழுதுவேன். அகா, அதாவது அண்ணா, என்றுதான் அவரை அழைப்போம். அவருக்கு ரஷ்யன் நன்றாகவே தெரியும். ஆனாலும் ரஷ்யனில் எழுதியதை என்னையே வாசிக்கச் சொல்லிவிட்டு, காகிதத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"காரத்தைக் குறைச்சுட்டியா பொண்ணே?"

"இல்ல அகா. நீங்க சொன்னதுதான்."

"திருடன்னு சொன்னேன். அனுமதியில்லாத நபர்னு படிக்கிற."

"ஆபீஸ் பேப்பர்ல அப்படித்தான் எழுதணும்."

"அப்ப ஆபீஸ்ல திருடனுக்கு நல்ல பேருதான்."

அவர் காவல் காத்த பறவைக்குத் தர்காக் என்று பெயர். ஆள்காட்டி இனம். கறுப்புத் தொப்பி, வெள்ளைப் புருவம், மணல் நிற உடம்பு. ஏப்ரல் நடுவில் தெற்கேயிருந்து வந்து சேரும். உயரமான புல் அதற்கு ஆகாது. மாடும் ஆடும் மேய்ந்து மொட்டையாக்கிய தரையில், பெரும்பாலும் காய்ந்த சாணத்தை ஒட்டி முட்டையிடும். நரியோ நாயோ மனிதனோ, எது வந்தாலும் தூரத்திலேயே தெரிந்தாக வேண்டும் அதற்கு. சபர்காலிக்கு அந்தப் பறவையைப் பிடித்துப்போனது அதனால்தானோ என்று எனக்குத் தோன்றும். அவரிடம் கேட்டதில்லை.

ஏழு வருடத்துக்கு முன் ஒரு மேய்ப்பன் வெடிக்காத குண்டை மிதித்துக் காலை இழந்தான். அதோடு மந்தைகளை உள்ளே விடுவது நின்றது. மனிதர் வராத நிலம் பறவைக்கு நல்லதுதானே என்று மேலே இருந்தவர்கள் நினைத்தார்கள். அடுத்த வசந்தத்தில் மூன்றாம் களத்தில் புல் முழங்காலைத் தொட்டது. நாற்பது ஜோடி வந்துகொண்டிருந்த இடத்தில் இரண்டே ஜோடி வந்தது. மாடு வந்தால்தான் பறவை வரும் என்று ராணுவத்துக்குப் புரியவைக்கச் சபர்காலிக்கு மூன்று வருடமும் பதினான்கு கடிதங்களும் தேவைப்பட்டன. பதினான்கையும் நான்தான் எழுதினேன்.

கடைசியில் வெடிகுண்டுப் பிரிவு மூன்றாம் களத்தை அங்குலம் அங்குலமாகத் தேடிச் சுத்தம் செய்தது. பிறகு அனுமதி வந்தது. ஓரின்பாய் என்ற ஒரே மேய்ப்பன், ஒரு குதிரை, நாற்பது மாடு, அறுநூறு ஆடு. பறவைகள் முட்டையிட்டதும் மந்தை களத்தின் கிழக்குப் பாதிக்குப் போய்விட வேண்டும். பட்டியலில் இல்லாத எந்த மனிதராவது தனியாக உள்ளே வந்தால் மந்தையின் அனுமதி அன்றே ரத்து, ஊழியர் கூட்டிவந்திருந்தால் அந்த ஊழியரின் பாஸ் ரத்து. அந்தக் கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னவர் பாதுகாப்பு அதிகாரியான கேப்டன் ஜைதார். நகரத்தில் பிறந்தவர், முப்பது வயதிருக்கும். வரியை வாசித்துக் காட்டியபோது சபர்காலி, "இது நல்ல வரி. நானே சொல்லியிருப்பேன்" என்றார்.

புல் குட்டையாயிற்று. இரண்டாவது வசந்தத்தில் மேற்குப் பாதியில் பதினொரு கூடுகள்.

கூட்டுக்கு அடையாளம் வைப்பதுதான் பெரும்பாடு. சுடுதளத்துக்குள் கைப்பேசி கூடாது. இடம் காட்டும் கருவி எதுவும் கூடாது. காகிதத்தில் வரைபடம் போட்டால் சிறை. குச்சி நட்டால், கொடி கட்டினால், கல்லுக்கு வெள்ளையடித்தால், அது வானத்திலிருந்து பார்ப்பவனுக்குக் கொடுக்கும் சைகையாக இருக்கலாம் என்று கேப்டன் சந்தேகப்படுவார். சபர்காலி ஒரு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு கூட்டிலிருந்தும் சூரியன் உதிக்கும் திசையில் முப்பது அடி நடந்து, அங்கே இரண்டு காய்ந்த சாணத்தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தார். எங்கள் பக்கத்தில் அடுப்புக்கு எரு பொறுக்காத வீடு கிடையாது. ஆனால் அடுக்கிய எரு என்றால் அது யாரோ ஒருவருடைய உழைப்பு, அடுத்தவர் கை வைக்கமாட்டார். இரும்பு பொறுக்க வருகிறவன்கூடத் தாண்டித்தான் போவான்.

"கேப்டன் பாத்தாலும் சாணிதான், திருடன் பாத்தாலும் சாணிதான்" என்று என்னிடம் சொன்னார். சொன்ன கையோடு, ஏன் சொன்னோம் என்பது போல என்னைப் பார்த்தார்.

அந்த வருடம் ஜூன் ஐந்தாம் தேதி டாங்கிப் பயிற்சி. மே இருபத்தெட்டாம் தேதி தலைநகரிலிருந்து ஒரு குழு வரும். மூன்றாம் களத்தில் முட்டையுள்ள கூடுகளை அவர்கள் கண்ணால் கண்டால், ஜூலை முதல் தேதிவரை அங்கே எந்த வண்டியும் ஓடாது. காணாவிட்டால் டாங்கிகள் ஓடும். காகிதத்தில் எழுதிய எண்ணிக்கையை யாரும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

மே பன்னிரண்டாம் தேதி இரண்டு அடுக்குகள் காணாமல் போயின. அதற்கடுத்த வாரம் மேலும் ஐந்து.

அடையாளம் இல்லாமல் அந்தக் கூடுகளைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. ஆள் வருவது தெரிந்தால் தாய்ப்பறவை நூறு மீட்டர் தூரத்திலேயே சத்தமில்லாமல் எழுந்து நடந்துபோய், வேறெங்கிருந்தோ பறந்து வந்து கத்தும். முட்டை மண்ணின் நிறம். சபர்காலி ஒரு முழுநாள் அலைந்து மூன்று கூடுகளைத் திரும்பக் கண்டுபிடித்து அடுக்கினார். இந்த முறை எல்லா அடுக்குகளிலும் கீழ்த்தட்டின் அடியில் டிராக்டருக்கு அடிக்கும் சிவப்புப் பெயிண்டைத் தடவி வைத்தார். அதுவும் போயிற்று. குழு வர இரண்டு நாள் இருக்கையில் பதினொன்றில் ஒன்றுகூட மிச்சமில்லை. அடையாளங்களைக் காணோம் என்று கேப்டனுக்கே எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

உள்ளூர்க்காரன் தொடமாட்டான், ஆகவே வெளியாள் என்பது அவர் கணக்கு. முட்டை திருடுகிறவர்கள் மேல் சந்தேகம். களத்தை டாங்கிக்குத் திறந்துவிட நினைக்கும் கேப்டன் மேல் சந்தேகம். ஓரின்பாயின் மாடுகள் மேல்கூடச் சந்தேகம், அவை எல்லைக்கோட்டைத் தாண்டினவா என்று குளம்படிகளை அளந்தார். மாடுகள் தாண்டியிருக்கவில்லை. மாடுகளுக்கு அவர் அதற்காக நன்றி சொன்னதாகத் தெரியவில்லை.

இதே நாட்களில் இன்னொரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. முள்வேலிக்கு வெளியே குடியிருப்பில் இருக்கும் அவருடைய கொட்டகையின் பின்சுவர் ஓரமாக யாரோ எரு கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள், ஒரு முறையல்ல, நான்கு முறை. அவர் டிராக்டரில் போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் வந்திருந்தார்கள். அவர் மனைவி மகளின் பிரசவத்துக்காகக் கரகாண்டா போயிருந்தாள், வீட்டில் வேறு ஆளில்லை. முதல் முறையே அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தார்.

"எழுது. அடையாளம் தெரியாத நபர்கள் எனக்கு எரு லஞ்சம் குடுத்திருக்காங்க."

"எரு லஞ்சமா அகா?"

"சிரிக்காத. இன்னைக்கு எரு போடுவான். நாளைக்கு இரும்பு மூட்டையோட வந்து, அன்னைக்கு எரிச்சியே, இன்னைக்குக் கண்ணை மூடிக்கோம்பான். ஒண்ணுகூட எரிக்கலன்னும் எழுது. தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்கேன். ஆதாரம். கை வைக்கல."

நான் இரண்டு மொழியிலும் எழுதினேன். ரஷ்யனில் அந்த வாக்கியத்தை முகம் மாறாமல் வாசிப்பது சிரமமாக இருந்தது.

அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு கேப்டன் ஜைதார் வந்தது மே இருபத்தேழாம் தேதி காலையில். குழு வருவதற்கு ஒரே நாள் இருந்தது. குறிப்பெடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாயைச் சபர்காலி விலக்கினார்.

"நல்ல எருதான்" என்றார் கேப்டன். "எங்க மாமியார் பாத்தா சந்தோஷப்படுவாங்க. யாரு இவ்வளவு பாசமா?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் எழுதிக் கொடுத்தேன்."

கேப்டன் பூட்ஸ் முனையால் மேலே கிடந்த ஒரு தட்டைப் புரட்டினார். அடியில் சிவப்பு. இன்னொன்றைப் புரட்டினார். சிவப்பு.

"அகா, இது டிராக்டர் பெயிண்ட் இல்ல?"

சபர்காலி குனிந்து பார்த்தார். நிமிர நேரமாயிற்று.

"என் அடையாளம்" என்றார்.

"காணோம்னு எழுதிக் கொடுத்த அடையாளம்."

"ஆமா."

"உங்க வீட்டுக்குப் பின்னாலயே இருக்கு."

"அதைத்தான் நானும் பாத்துட்டிருக்கேன்."

கேப்டன் கையுறையைக் கழற்றினார். குரலை உயர்த்தவில்லை. "பதினோரு கூடுன்னு சொன்னீங்க. உங்களைத் தவிர யாரும் பாத்ததில்ல. அடையாளம் போச்சுன்னீங்க. அது உங்ககிட்டயே இருக்கு. களத்தை மூடி வச்சா யாருக்கு லாபம்? டாங்கி ஓடாத இடத்துல இரும்பு பொறுக்கறவனுக்கு. நான் என்னன்னு நினைக்கட்டும், நீங்களே சொல்லுங்க."

"கூடே இல்ல, கிழவன் கதை கட்டறான்னு நினைங்க. உங்க இடத்துல நான் அப்படித்தான் நினைப்பேன்."

"நாளைக்குப் பத்து மணிக்குக் குழு வருது. கூட்டைக் காட்டுங்க. இல்லன்னா பாஸை என் மேஜைல வச்சிட்டுப் போயிடுங்க."

ஜீப் போன பிறகு சபர்காலி என் பக்கம் திரும்பினார்.

"நான் எத்தனை மணிக்கு டிராக்டர் எடுப்பேன்னு உனக்குத் தெரியும்."

"ஊருக்கே தெரியும் அகா."

"கொட்டகைப் பின்பக்கம் பூட்டு கிடையாது."

"தெரியும்."

"அதுவும் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுச் சற்று யோசித்தார். பிறகு, "சரி, நீ இல்ல. உனக்குச் சாணி தொடப் பிடிக்காது" என்றார். என் வாழ்நாளில் அவர் எனக்குக் கொடுத்த நற்சான்றிதழ் அது ஒன்றுதான்.

மத்தியானம் ஓரின்பாயின் இடத்துக்குப் போனோம். வாக்குமூலம் எழுதக் காகிதம் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். எல்லைப் பள்ளத்துக்கு வெளியே, சக்கரம் கழன்ற பழைய வண்டிவீட்டில் ஓரின்பாயும் மனைவி ஷெக்கெரும் வசந்தம் முழுக்கத் தங்கியிருப்பார்கள். ஓரின்பாய் சபர்காலிக்குத் தூரத்துத் தம்பி முறை. சாது. சபர்காலியைக் கண்டாலே பாஸ் இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

ஷெக்கெர் பால் ஊற்றிய டீயும் எண்ணெயில் பொரித்த பவுர்சாக் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள்.

"வேண்டாம் கெலின். விசாரிக்க வந்திருக்கேன்."

"ரொட்டிய வாயில வைக்காம யாரும் இந்த வீட்டை விட்டுப் போனதில்ல. விசாரணைன்னாலும் அதேதான், காய்னகா."

அவள் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. கணவனுக்கு அண்ணன் முறை உள்ளவரின் பெயரை எங்கள் பெண்கள் சொல்வதில்லை. காய்னகா என்றால் மூத்தார், கெலின் என்றால் தம்பி மனைவி. அவர் ஒரு பவுர்சாக்கின் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு ஓரின்பாயைப் பார்த்தார்.

"மேற்குப் பாதிக்கு யாரு போறா?"

"நான் போகல சபெக்கே. சத்தியமா. மாடும் போகல." பெரியவர்களின் பெயரை மரியாதையாக அப்படித்தான் சுருக்கிச் சொல்லுவோம்.

"மாட்டை விசாரிச்சாச்சு. மனுஷங்களைக் கேக்கறேன். அடுக்கி வச்ச எருவை யாரோ தூக்கியிருக்காங்க. தூக்கி என் கொட்டகைல போட்டிருக்காங்க. என்னைக் கவுக்கறதுக்குத் திட்டம் போட்டுச் செஞ்ச வேலை. பின்னால பெரிய மூளை இருக்கு."

ஷெக்கெர் டீக்கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"மூளையெல்லாம் இல்ல. நான்தான் போட்டேன்."

 ஓரின்பாய் கையிலிருந்த கிண்ணத்தை மெல்ல மேஜையில் வைத்தார்.

"நீயா?"

"களத்துல ரெண்டு ரெண்டா அடுக்கி இருந்துச்சு. இவரு அடுக்கல, இவரு குதிரைய விட்டே இறங்க மாட்டாரு. அங்க நடக்கற இன்னொரு ஆளு நீங்கதான். உங்க வீட்டு அக்கா வேற ஊர்ல இல்ல. பாவம், ஒத்த மனுஷன் குளிர்காலத்துக்கு எரு சேக்கறாரு, தூக்கிட்டுப் போக ஆளில்லன்னு நினைச்சேன். உங்க எரு, உங்க வீட்டுல கொண்டுவந்து போட்டேன். அதுல என்ன தப்பு?"

"ரெண்டு ரெண்டா எவன் எரு அடுக்குவான்?"

"அதான் இன்னும் பாவமா இருந்துச்சு. வயசாயிடுச்சு, அதுக்கு மேல முடியலன்னு."

சபர்காலிக்கு ஐம்பத்தாறு வயது. ஓரின்பாய் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"உங்ககிட்டயா? எனக்குப் பாஸ் கிடையாது. ஓடை வழியா இவருக்குச் சாப்பாடு கொண்டுபோவேன், அப்படியே நமக்கும் நாலு எரு பொறுக்குவேன். சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

 எழுதிக் கொடுத்திருப்பார். எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"எழுதவா அகா?" என்று கேட்டேன்.

"பேனாவைக் கீழ வை."

எழுதினால் பட்டியலில் இல்லாத ஆள் தனியாக உள்ளே வந்தது பதிவாகும், மந்தை போகும். மந்தை போனால் இரண்டு வருடத்தில் புல் ஏறும், பறவை வராது. எழுதாவிட்டாலும் நாளைக்குக் காட்டக் கூடு இல்லை, டாங்கி இந்த வருட முட்டைகள் மேல் ஓடும். அவர் அதே பவுர்சாக்கை எடுத்து, இந்த முறை முழுதாகத் தின்றார்.

"எடுத்த இடமெல்லாம் ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? ஒவ்வொண்ணையும் தூக்கறப்ப ஒரு பறவை தலைக்கு மேல வந்து திட்டும். முட்டைய மிதிச்சிடக் கூடாதேன்னு பாத்துப் பாத்து நடந்தேன். எல்லாம் எனக்குத் தெரியும்."

"முட்டைய நீ பாத்தியா? நான் போனா நூறு மீட்டர்லயே எந்திரிச்சுப் போயிடுது."

"நீங்க போலீஸ்காரன் மாதிரி நிமிந்து வர்றீங்க. நான் குனிஞ்சு பொறுக்கிட்டே போவேன். மாடுன்னு நினைச்சுக்கும் போல. காலுக்குக் கிட்ட வர்ற வரைக்கும் எந்திரிக்காது."

இருபத்தேழு வருடமாக அந்தப் பறவையைப் பார்த்துவந்தவர் தன் முதுகைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அன்று மாலை ஆறரை மணிக்கு, வெயில் இன்னும் நன்றாக இருக்கும்போதே, சபர்காலி பாஸ் இல்லாத ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு பள்ளத்தைத் தாண்டினார். எனக்கும் களத்துக்குள் போகப் பாஸ் இல்லை. நான் ஓரின்பாயோடு வெளியே நின்று பார்த்தேன். மொட்டை நிலத்தில் இருவரும் இடுப்பை வளைத்து, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு மெல்ல மெல்லப் போனார்கள். சிவப்புத் தலைத்துணி முன்னால், சாம்பல் தொப்பி பின்னால். அவ்வப்போது நிற்பார்கள். சபர்காலி கையில் வைத்திருந்த எருவை அடுக்குவார். பறவைகள் எழுந்து இருவர் தலைக்கு மேலும் கத்திவிட்டு உடனே உட்கார்ந்தன. வடக்கே கண்காணிப்புக் கோபுரத்தின் கண்ணாடி இரண்டு முறை மின்னியது.

"கோபுரத்துல பாத்துட்டாங்க" என்றார் ஓரின்பாய்.

சபர்காலியும் அதைப் பார்த்திருந்தார். நிமிரவில்லை. எட்டு மணிக்கு வெளியே வந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினொன்றில் ஒரு கூட்டில் குஞ்சு பொரித்துப் போய்விட்டது, ஒன்றை நரி தின்றிருந்தது, ஒன்பதில் முட்டை இருந்தது.

மறுநாள் பத்து மணிக்குக் குழு வந்தது. அதன் தலைவி ஸோயா பெத்ரோவ்னா, அறுபதை நெருங்கும் பறவை ஆய்வாளர். கழுத்தில் தொலைநோக்கி, காலில் ரப்பர் பூட்ஸ். மொழிபெயர்க்க எனக்கு அன்று ஒரு நாள் பாஸ் கொடுத்தார்கள். களத்தின் ஓரத்தில் சபர்காலி எல்லோரையும் நிறுத்தினார்.

"குனிஞ்சு வாங்க. கையைத் தொங்கவிடுங்க. அவசரமில்லாம, மேயற மாதிரி."

"என்ன மாதிரி?" என்றார் கேப்டன்.

"மாடு மாதிரி, கேப்டன்."

ஸோயா பெத்ரோவ்னா ஒரு கேள்வியும் கேட்காமல் குனிந்தார். அவர் குனிந்ததால் கேப்டனும் குனிய வேண்டியதாயிற்று. முதல் கூட்டருகே பறவை எங்கள் காலடியிலிருந்து எழுந்தபோது அதன் வயிற்றின் செம்பழுப்பு நிறம் தெரிந்தது. நான்கு முட்டைகள், நுனி உள்ளே பார்த்து. இரண்டாவதில் நான்கு. மூன்றாவதில் மூன்று. ஒன்பதாவது கூட்டுக்குப் பிறகு ஸோயா பெத்ரோவ்னா அங்கேயே தரையில் உட்கார்ந்து தன் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் களம் ஜூலை முதல் தேதிவரை மூடப்பட்டது.

பள்ளத்தருகே திரும்பி வந்ததும் கேப்டன் தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"கூடு இருக்கு. ஒத்துக்கறேன். இது கோபுரத்துப் பதிவு. நேத்து ஆறரையிலிருந்து எட்டு வரைக்கும் ரெண்டு பேர், குனிஞ்சு எதையோ பொறுக்கறாங்க. ஒருத்தர் தலைல சிவப்புத் துணி."

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஷெக்கெர் பால் வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். தலையில் அதே சிவப்புத் துணி. வேறொன்றைக் கட்டிக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை. கேப்டன் அவளை அப்பாய், அதாவது அக்கா, என்று மரியாதையாகவே கூப்பிட்டார்.

"அப்பாய், உங்களை உள்ள கூட்டிட்டுப் போனது யாரு?"

"எங்க காய்னகா."

"பேரு?"

அவள் வாளியைப் பார்த்தாள்.

"பேரு சொல்லுங்க அப்பாய்."

"சொல்ல மாட்டேன்."

"யாரைக் காப்பாத்தறீங்க?"

"யாரையும் இல்ல. காய்னகா பேரை எப்படிச் சொல்றது?"

"காய்னகான்னு அரசாங்கப் பேப்பர்ல எழுத முடியாது. இந்த ஊர்ல உங்களுக்கு நாப்பது காய்னகா இருப்பாங்க. பேரை மறைச்சா மந்தை அனுமதியோட சேத்து உங்களையும் விசாரிக்க வேண்டி வரும்."

ஷெக்கெரின் முகம் சிவந்தது.  ஓரின்பாய் சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டிருந்தார். சபர்காலி முன்னால் வந்தார்.

"எழுதிக்கோ பொண்ணே. சபர்காலி. டிராக்டர் ஓட்டுநர். நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

"நேத்து. சரி" என்றார் கேப்டன். "அதுக்கு முன்னாடி? உங்க அடையாளத்தை எடுத்துக் கொட்டகைல போட்டது இவங்கதானே? அப்ப தனியா எத்தனை தடவை உள்ள வந்திருக்காங்க?"

பட்டியலில் இல்லாத ஆள், தனியாக. அந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்துத்தான் மந்தையின் அனுமதி.

"தனியா ஒரு தடவையும் இல்ல" என்றார் சபர்காலி. "ஒவ்வொரு தடவையும் நான்தான் உள்ள விட்டேன். எனக்கு எரு வேணும்னு."

"லஞ்சம்னு எழுதிக் கொடுத்தீங்களே. யாருன்னே தெரியாதுன்னு."

"பொய் எழுதிக் கொடுத்தேன்."

நான் எழுதுவதை நிறுத்தினேன். இருபத்தேழு வருடத்தில் அவர் கொடுத்த காகிதங்களில் பாதி என் கையெழுத்தில் இருக்கிறது. எரிச்சலான காகிதங்கள், அற்பக் காகிதங்கள் எல்லாம் உண்டு. பொய்க் காகிதம் ஒன்றுகூட இல்லை. அந்த எருப் புகாரும் சேர்த்துத்தான்.

"எழுது" என்றார். "ரெண்டு மொழியிலயும்."

எழுதினேன். வாசிக்கச் சொன்னார். இந்த முறை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காரம் குறையலையே?"

"இல்ல அகா."

கையெழுத்துப் போட்டார். கேப்டன் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். அவர் அதை நம்பவில்லை. ஆனால் கையெழுத்து இருந்தது, குற்றம் ஒரே ஆள் மேல் இருந்தது, மேய்ப்பனின் பெயர் அதில் எங்கும் இல்லை. கையை நீட்டினார். சபர்காலி பாஸைக் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார். கயிறு தொப்பியில் மாட்டிக்கொண்டு சற்று நேரமாயிற்று.

ஸோயா பெத்ரோவ்னா என்னைப் பக்கத்தில் அழைத்து, என்ன நடந்தது என்று கேட்டார். தாளில் இருந்ததை மட்டும் சொன்னேன். அவர் ஷெக்கெரைப் பார்த்தார், சபர்காலியைப் பார்த்தார். தன் படிவத்தைத் திரும்ப எடுத்து அடியில் ஒரு வரி சேர்த்தார். கூடுகளைக் கண்காணிக்க, அவை இருக்கும் இடமறிந்த உள்ளூர்ப் பெண்ணுக்கு அனுமதி வழங்கப் பரிந்துரைக்கப்படுகிறது.

டிராக்டர் வேறொருவனுக்குப் போயிற்று. சபர்காலி இப்போது குடியிருப்பின் தண்ணீர் மோட்டாரைப் பார்த்துக்கொள்கிறார். அதை யாரோ தன் முறை வராமலே போடுகிறார்கள் என்று சந்தேகப்படுகிறார். மனைவி கரகாண்டாவிலிருந்து திரும்பி வந்து நடந்ததைக் கேட்டுவிட்டு, "உங்களை நம்பி ஒரு மாசம் விட்டுட்டுப் போக முடியல" என்றாளாம். புது டிராக்டர்க்காரன் மண்பட்டையை வளைத்துப் போடுகிறான் என்று என்னிடம் புகார் எழுத வந்தார். நீங்கள் இப்போது ஊழியர் இல்லையே என்றேன். பொதுமக்களில் ஒருவர் என்று போடச் சொன்னார்.

ஜூன் நடுவில் ஒரு காலையில் ஷெக்கெரின் ஊதியக் காகிதம் கொடுக்க நான் ஓரின்பாய் இடத்துக்குப் போனபோது சபர்காலி பள்ளத்தின் வெளி ஓரத்தில் நின்றிருந்தார். தினமும் வருவாராம். உள்ளே ஷெக்கெர், கழுத்தில் புதுப் பாஸ்.

"எத்தனை குஞ்சு?"

"இருவத்தி மூணு."

"ஓரின்பாய் பத்தொம்பதுங்கறான். ரெண்டு பேருல யாரு பொய் சொல்றீங்க?"

"ஓடிட்டே இருக்கு காய்னகா. வரிசைல நின்னு பேரு குடுக்குமா?"

"திரும்ப எண்ணு."

"நீங்களே வந்து எண்ணுங்க."

அவர் பள்ளத்தின் விளிம்புவரை வந்தார். கால் நுனி மண்ணை உதிர்த்தது. மேற்கே எங்கிருந்தோ ஒரு தர்காக் எழுந்து நேராக அவர் தலைக்கு மேல் வந்து கத்தத் தொடங்கியது. அவர் ஓரடி பின்வாங்கினார். அது விடவில்லை. இன்னும் இரண்டடி பின்வாங்கினார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சரி சரி, போறேன்" என்று சொல்லிவிட்டு மோட்டார் பக்கம் நடந்தார். அவர் பாதையின் திருப்பத்தைக் கடக்கும்வரை பறவை கூடவே போய்விட்டுத் திரும்பி வந்தது.